தலைவரம்மாவின் வீட்டுக்காரர்களுக்கு



விழுப்புரம் மாவட்டத்தில் 13 ஒன்றியங்கள், 688 கிராம ஊராட்சிகள். தலைவர் பதவிகளில் பாதி பெண்களுக்கு ஒதுக்கப்பட்டவை. அந்தப் பெண்களின் வீட்டுக்காரர்களான உங்களுக்குத்தான் இந்த மடல். கணவர் மட்டுமில்லை, மகன், மாமனார், கொழுந்தன் என்று பொறுப்பைத் தூக்கிக்கொண்ட எல்லோரும் இதில் அடக்கம். சில ஊர்களில் உறவே இல்லாத முன்னாள் தலைவரோ துணைத் தலைவரோ பின்னாலிருந்து நடத்துகிறார். அவரும் படிக்கட்டும்.

தலைவரம்மாக்களுக்குப் பயிற்சி வகுப்பு உண்டு. கையேடு கொடுக்கிறார்கள், மதியச் சாப்பாடு போடுகிறார்கள், "கூச்சப்படாம பேசுங்கம்மா" என்று சொல்லி அனுப்புகிறார்கள். உங்களை யாரும் ஒரு மண்டபத்தில் உட்காரவைத்து எதுவும் சொன்னதில்லை. மைக் உங்கள் கையில் இருக்கும்போது, அவர்களைப் பார்த்து 'பேசுங்கள், பேசுங்கள்' என்று எத்தனை முறை சொல்லி என்ன பயன்? அதனால் உங்களிடமே நேராகக் கேட்க வந்திருக்கிறேன்.

நான் ஒலக்கூர், மயிலம் பக்கத்து மகளிர் குழுக்களுக்குப் பதிவேடு எழுதச் சொல்லிக்கொடுத்தவள். உங்கள் வீட்டுப் பெண்களில் சிலரை அவர்கள் தலைவராவதற்கு முன்பே எனக்குத் தெரியும். அந்த உரிமையில்தான் எழுதுகிறேன்.

ஒரு கிராம சபையைச் சொல்கிறேன். ஊர்ப் பெயர் வேண்டாம். சொன்னால் அந்த அம்மாவுக்குத்தான் வீட்டில் ஏச்சு விழும். ஆகஸ்ட் 15. காலையில் தலைவரம்மா பட்டுப்புடவை கட்டிக்கொண்டு கொடியேற்றினார். கைதட்டினோம், படம் எடுத்தார்கள், மிட்டாய் கொடுத்தார்கள். பதினோரு மணிக்குக் கிராம சபை. சாமியானாவுக்குக் கீழே மேசை போட்டு, நடு நாற்காலியில் வீட்டுக்காரர் வந்து உட்கார்ந்தார். ஒரு பக்கம் ஊராட்சிக் கிளார்க்கு, இன்னொரு பக்கம் துணைத் தலைவர். தலைவரம்மா பெண்கள் வரிசையில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில், அதுவும் நுனியில்.

காலனியிலிருந்து வந்த ஒரு அம்மா எழுந்தார். "நாலு நாளா எங்க தெருவுக்குத் தண்ணி வரல" என்றார். தலைவரம்மாவைப் பார்த்துத்தான் கேட்டார். மைக் பிடித்திருந்தவர் பதில் சொன்னார்: "மோட்டார் காயில் போயிருக்கு, கட்டக் குடுத்திருக்கோம், ரெண்டு நாள்ல வந்துடும்." தலைவரம்மா எனக்குப் பக்கத்தில்தான் இருந்தார். முணுமுணுத்தார்: "மோட்டார் நல்லாத்தான் ஓடுது. மேட்டுத் தெரு வால்வை முழுசாத் திறந்து வுட்டுட்டுப் போயிடறான், அதான் காலனிக்கு ஏறல." பிரச்சினை என்னவென்று அந்தச் சாமியானாவில் சரியாகத் தெரிந்திருந்தது அவர் ஒருவருக்குத்தான். அதைச் சொல்ல வேண்டிய பதவியும் அவருடையதுதான். கூட்டம் முடிந்ததும் கிளார்க்கு தீர்மான நோட்டை எடுத்துக்கொண்டு வந்தார். எழுதியிருந்த பக்கத்தை உள்ளங்கையால் மூடியபடி, கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் விரலால் தொட்டுக் காட்டினார். "இங்கம்மா." அவர் போட்டார். காலனிக்குத் தண்ணீர் எப்போது வந்தது என்று எனக்குச் சொல்ல வேண்டியதில்லை. வால்வு அப்படியே இருந்தால் எப்போது வரும்?

அந்த வீட்டுக்காரர் கெட்டவர் இல்லை. மரியாதையாகப் பேசினார். கேட்ட எல்லோருக்கும் பதில் சொன்னார். பொய் சொல்லவேண்டும் என்றுகூட நினைத்திருக்க மாட்டார். தெரியாததைத் தெரிந்ததுபோல் சொன்னார், அவ்வளவுதான். கூடியிருந்த ஊருக்கும் அது தப்பாகவே படவில்லை. எனக்கு அதுதான் பொறுக்கவில்லை.

மகளிர் தினம் வந்தால் ஒன்றிய அலுவலக வாசலில் 'அதிகாரம் பெற்ற பெண்கள்' என்று ஃபிளக்ஸ் கட்டுகிறார்கள். நீங்களும் அதன் கீழே நின்று படம் எடுத்துக்கொள்கிறீர்கள். பெற்றாயிற்று என்று எழுதிவிட்டால் கேள்வி முடிந்துபோகிறது. ஊராட்சியின் முத்திரை எங்கே இருக்கிறது, காசோலைப் புத்தகம் யார் பீரோவில் இருக்கிறது, பணம் போடுவதற்கான ஓடிபி யார் செல்போனுக்கு வருகிறது என்று அந்த ஃபிளக்ஸின் கீழே நின்று யாராவது கேட்டுப்பார்த்தால், பெற்றது யார் என்று தெரிந்துவிடும்.

இந்த அதிகாரம் யாரும் இரக்கப்பட்டுக் கொடுத்ததில்லை. அரசியலமைப்பின் 73-வது திருத்தம் 1993 ஏப்ரல் 24-ல் நடைமுறைக்கு வந்தது. ஊராட்சி இடங்களில் மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்களுக்கு என்று அது எழுதிவைத்தது. அதே ஆண்டு செப்டம்பர் 30-ல் தென்னார்க்காட்டைப் பிரித்து நம் மாவட்டத்தை உருவாக்கினார்கள். ஆக, மாவட்டத்துக்கும் அந்தச் சட்டத்துக்கும் ஒரே வயது. 1994-ல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம், 1996-ல் அதன்படி முதல் தேர்தல், 2016-ல் பெண்களுக்குப் பாதி இடம் என்று சட்டத் திருத்தம். 2021 அக்டோபர் 6-லும் 9-லும் நாம் வரிசையில் நின்று ஓட்டுப் போட்டது அந்தப் பாதியின்படிதான். அந்தச் சட்டத்தை எந்தப் பக்கத்தில் புரட்டினாலும் தலைவர் இருக்கிறார், துணைத் தலைவர் இருக்கிறார், வார்டு உறுப்பினர் இருக்கிறார். தலைவரின் கணவர் என்று ஒரு பதவி இல்லை. ஊரில் மட்டும் இருக்கிறது. ஒன்றிய அலுவலகத்தில் அதற்கு நாற்காலியும் டீயும் இருக்கிறது.

நீங்கள் சொல்லும் காரணங்களை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

"அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க." இதுதான் முதலில் வரும். 1989-ல் பன்னாட்டு வேளாண் வளர்ச்சி நிதியத்தின் உதவியோடு தர்மபுரியில் தொடங்கிய மகளிர் குழுக்கள், அடுத்த சில ஆண்டுகளிலேயே நம் பழைய தென்னார்க்காட்டுக்கும் வந்துவிட்டன. 1997-98-ல் மகளிர் திட்டம் வந்தபிறகு குழு இல்லாத ஊரே இல்லை. உங்கள் வீட்டுக்காரம்மா அந்தக் குழுவில் ஊக்குநராகவோ பிரதிநிதியாகவோ இருந்திருப்பார். சேமிப்பு வாங்கி, வட்டி போட்டு, தவணை தவறியவர் வீட்டு வாசலில் போய் நின்று, திண்டிவனத்தில் வங்கி மேலாளரின் மேசைக்கு எதிரே உட்கார்ந்து கடன் பேசி வாங்கிவந்திருப்பார். கணக்கில் பத்து ரூபாய் இடித்தால் இரவு தூங்கமாட்டார். ஊராட்சியின் முதல் கணக்கு, இரண்டாம் கணக்கு, மூன்றாம் கணக்கு எதெதற்கு என்பது அவருக்கு ஒரு வாரத்தில் பிடிபடும். வரி, வாடகை வருவது ஒன்று. கரண்ட் பில்லும் குடிநீர் வாரியத்துக்குக் கட்டுவதும் ஒன்று. திட்டப் பணம் ஒன்று. குழுவில் சேமிப்பு, உள்கடன், வங்கிக் கடன் என்று பிரித்து எழுதிய கைக்கு இது புதிதா? நீங்கள் மட்டும் என்ன, பிறக்கும்போதே ஊராட்சிக் கணக்குத் தெரிந்தா பிறந்தீர்கள்? கிளார்க்கிடம் கேட்டுக்கேட்டுத் தெரிந்துகொண்டீர்கள். தலைவரம்மாவைக் கேட்க விடாமல் நீங்கள் குறுக்கே நிற்கிறீர்கள்.

"செலவு பண்ணது நானு." இதை நீங்கள் மெதுவாகத்தான் சொல்வீர்கள். நிலத்தை அடகு வைத்ததும், வட்டிக்கு வாங்கியதும் உண்மையாகவே இருக்கலாம். ஆனால் இந்தப் பேச்சு எங்கே கொண்டுபோய் விடும் என்று யோசித்துப்பாருங்கள். கோயில் வாசலில் ஊர் கூடித் தலைவர் பதவியை ஏலம் விடுகிறார்கள் என்று தேர்தலுக்குத் தேர்தல் பத்திரிகையில் படித்து நாம் தலைகுனிகிறோம். செலவு பண்ணியவனுக்குத்தான் நாற்காலி என்றால் ஏலத்துக்கும் உங்களுக்கும் என்ன வித்தியாசம்? தேர்தலில் நின்றது உங்கள் வீட்டுப் பெண். மக்கள் முத்திரை குத்தியது அவருக்கு.

"ஆபீஸ்ல எங்களத்தான் கேக்கறாங்க." இதில் நியாயம் உண்டு. ஒன்றிய அலுவலகத்தில் இருக்கும் தலைவர்களின் செல்போன் பட்டியலை எடுத்துப்பார்த்தால் பல எண்களை ஆண் குரல்தான் எடுக்கும். ஓவர்சீயர் உங்களிடம்தான் பேசுகிறார், ஒப்பந்தக்காரர் உங்களிடம்தான் பேசுகிறார். அவர்களுக்கு அது வசதி. பெண் தலைவர் என்றால் கேள்வி கேட்பார், படித்துப்பார்த்துத்தான் கையெழுத்துப் போடுவேன் என்பார், அளந்து காட்டு என்பார். உங்களோடு டீக்கடையில் நின்றே முடித்துவிடலாம். அவர்கள் காட்டும் மரியாதை என்று நீங்கள் நினைப்பது, அவர்களுக்கு வேலை சுலபமாவதற்கான வழி. "தலைவர்கிட்ட பேசுங்க சார்" என்று நீங்கள் இரண்டு முறை சொல்லிவிட்டால் மூன்றாவது முறை அவர்கள் நேராக அவரைத்தான் கூப்பிட வேண்டிவரும்.

"தனியா போனா மதிக்க மாட்டாங்க." இந்தக் காரணத்தை மட்டும் நான் லேசாகத் தள்ளமாட்டேன். ஆதிதிராவிடர், பழங்குடி இருளர் குடும்பங்களிலிருந்து தலைவரான பெண்களின் வீட்டுக்காரர்கள் இதைச் சொல்லும்போது தொண்டை அடைத்துத்தான் சொல்கிறார்கள். கடலூர் மாவட்டம் நமக்குப் பக்கத்து மாவட்டம்தானே. தெற்கு திட்டை ஊராட்சியில் தலைவர் ராஜேஸ்வரி தரையில் உட்கார்ந்திருக்க, மற்றவர்கள் நாற்காலியில் உட்கார்ந்திருந்த படம் 2020 அக்டோபரில் வெளியானது. துணைத் தலைவர் மீது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்கானது. அதற்கு இரண்டு மாதம் முன்பு, திருவள்ளூர் மாவட்டம் ஆத்துப்பாக்கத்தில் தலைவர் அமிர்தத்தைச் சுதந்திர தினத்தன்று கொடியேற்ற விடவில்லை. விஷயம் வெளியே வந்தபிறகு, சில நாள் கழித்து மாவட்ட ஆட்சியர் முன்னிலையில் அவர் ஏற்றினார். இப்படிப்பட்ட இடத்துக்கு மனைவியைத் தனியே அனுப்ப எந்தக் கணவருக்கு மனம் வரும்?

கூடவே போங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் பக்கத்தில் நிற்பது ஒன்று, அவர் நாற்காலியில் உட்கார்வது வேறொன்று. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணி முன்னின்று உருவாக்கிய பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கத்தை உங்களில் பலர் அறிவீர்கள். சாதிச் சான்றிதழுக்காகவும் பொய் வழக்குகளுக்கு எதிராகவும் இருளர்களோடு நின்ற சங்கம். மனு இருளருடையது, குரல் இருளருடையது, சங்கம் துணை. துணை என்றால் அந்த அளவோடு நிற்க வேண்டும். ராஜேஸ்வரியைத் தரையில் உட்காரவைத்தவர்கள் அவருடைய பதவியை மதிக்கவில்லை. நாற்காலியில் அவருக்குப் பதிலாக நீங்கள் உட்கார்ந்தால், அன்போடு செய்தாலும் முடிவு அதேதான். பதவிக்கு உரியவர் அங்கே இல்லை. தனித்தொகுதி ஊராட்சிகளில் பின்னாலிருந்து நடத்தும் முன்னாள் தலைவர்களுக்கு இதைவிடக் கடுமையாகச் சொல்ல வேண்டும்: நீங்கள் செய்வது துணையும் இல்லை, அன்பும் இல்லை. ஒதுக்கீட்டால் கைவிட்டுப்போனதைக் கொல்லைப்புற வழியாகத் திரும்ப எடுத்துக்கொள்கிறீர்கள்.

இனி உங்களுக்கே ஆபத்தான ஒன்றைச் சொல்கிறேன். ஊராட்சிப் பணத்தை எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட வேண்டும். சாலை போட்டதாகப் பில் வருகிறது, நீங்கள் தலையாட்டுகிறீர்கள், அவர் கையெழுத்துப் போடுகிறார். நாளைக்குத் தணிக்கைக்காரர் வந்து சாலை எங்கே என்று கேட்டால் தணிக்கைத் தடை யார் பெயரில் எழுதப்படும்? ஊராட்சிகள் சட்டம் 205-வது பிரிவில் தலைவரை நீக்க மாவட்ட ஆட்சியருக்கு வழி இருக்கிறது. அந்த நோட்டீஸ் எந்தப் பெயருக்கு வரும்? பணத்தைத் திருப்பிக் கட்டச் சொன்னால் யாரிடமிருந்து வசூலிப்பார்கள்? பேசியதும் முடிவெடுத்ததும் நீங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் விளக்கம் கொடுக்கக் கைகட்டி நிற்கப்போவது உங்கள் மனைவி. "எனக்குத் தெரியாது, வீட்டுக்காரர் சொன்னார், போட்டேன்" என்பது அங்கே செல்லாது. அவருடைய கையெழுத்தை நீங்களே போட்டுப் பழகியிருந்தால் அது இன்னும் மோசம். அதற்குச் சட்டத்தில் வேறு பெயர், வேறு தண்டனை. மனைவி மீது பாசம் இருக்கிறது, அதனால்தான் பாரத்தை நான் சுமக்கிறேன் என்று சொல்பவர்கள், எந்தப் பாரத்தை அவர் தலையில் ஏற்றி வைத்திருக்கிறீர்கள் என்று ஒரு தரம் பாருங்கள்.

உங்களைப் போன்றவர்களின் கதை டெல்லி வரைக்கும் போயிருக்கிறது. வடக்கே இதற்கு 'சர்பஞ்ச் பதி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். உச்ச நீதிமன்றம் வரை வழக்குப் போய், 2023-ல் ஒன்றிய பஞ்சாயத்துராஜ் அமைச்சகம் ஒரு குழு அமைத்தது. பெண் தலைவருக்குப் பதிலாக ஆள் மாறி நடத்துவது நிரூபணமானால் கடும் தண்டனை வேண்டும் என்று அந்தக் குழு 2025-ல் பரிந்துரைத்தது. தண்டனை வரும்வரை காத்திருக்க வேண்டுமா என்பது உங்கள் கையில் இருக்கிறது.

ஊருக்கு என்ன நஷ்டம் என்று கேட்பீர்கள். சாலை போட்டேனே, விளக்குப் போட்டேனே என்பீர்கள். மேற்கு வங்கத்தின் பீர்பூம் மாவட்டத்திலும் ராஜஸ்தானின் உதய்பூரிலும் பெண்களுக்கு ஒதுக்கிய ஊராட்சிகளையும் மற்ற ஊராட்சிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ராகவேந்திர சட்டோபாத்யாயவும் எஸ்தர் டுஃப்லோவும் ஆராய்ந்தார்கள். 2004-ல் வெளியான ஆய்வு. அந்த டுஃப்லோதான் 2019-ல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர்களில் ஒருவர். பெண்கள் தலைமையேற்ற ஊராட்சிகளில் குடிநீர் போல, பெண்கள் அதிகம் கேட்கும் வேலைகளுக்குக் கூடுதல் பணம் போனது என்று கண்டார்கள். இதற்கு நோபல் பரிசுக்காரர் வேண்டாம். குடம் தூக்குகிறவருக்குத்தான் எந்தக் குழாயில் எத்தனை மணிக்குத் தண்ணீர் நிற்கும் என்று தெரியும். வால்வைப் பற்றித் தெரிந்திருந்த அந்தத் தலைவரம்மாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்தபோது மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை கொட்டியது. அந்த இரவில் எந்தக் கூரை தாங்காது, எந்த வீட்டில் நிறைமாதக்காரி இருக்கிறாள், எந்தக் கிழவி பள்ளிக்கூடத்துக்கு வரமாட்டேன் என்று அடம்பிடிப்பாள், அவளை யார் சொன்னால் கேட்பாள் என்பதெல்லாம் தெருப் பெண்களுக்குத் தெரியும். நிவாரணப் பட்டியலில் யார் பெயர் விட்டுப்போகும் என்பதும் தெரியும். நீங்கள் ஓடியாடி வேலை செய்தீர்கள், மறுக்கவில்லை. ஆனால் அந்தப் பெண்கள் தேடிப்போய்ச் சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு பெண் இருந்திருந்தால், அடுப்படியில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். உங்கள் வாசலுக்கு வந்து, திண்ணையில் நாலு ஆண்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டு, பிறகு வரலாம் என்று திரும்பிப் போனவர்கள் உண்டு.

2023 மே மாதத்தில் மரக்காணம் எக்கியார்குப்பத்தில் கள்ளச்சாராயம் குடித்துப் பலர் அடுத்தடுத்துச் செத்தார்கள். எங்கே விற்கிறது, யார் கொண்டுவந்து கொடுக்கிறார்கள் என்பது எந்த ஊரிலும் முதலில் பெண்களுக்குத்தான் தெரியும்; புருஷன் தள்ளாடி வரும் வழி அவர்களுக்குத் தெரியாதா? அதைக் கிராம சபையில் எழுந்து சொல்ல, முன்னால் உட்கார்ந்திருப்பவர் தன்னைப்போல ஒருத்தி என்ற நம்பிக்கை வேண்டும். இப்போது கிராம சபை ஆண்டுக்கு ஆறு: குடியரசு தினம், உலகத் தண்ணீர் நாள், மே தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி, நவம்பர் 1 உள்ளாட்சி நாள். ஆறு முறையும் நடு நாற்காலியில் ஒரு ஆண் உட்கார்ந்திருந்தால், ஆறு முறையும் அந்த வார்த்தை தொண்டையிலேயே நின்றுவிடும்.

பெண் பதவியில் இருப்பதும் கணவர் துணையாக நிற்பதும் நம் மண்ணுக்குப் புதிதும் இல்லை. கடலூர் அஞ்சலை அம்மாள் 1937-லேயே சென்னை மாகாணச் சட்டமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர். மறியல், சிறை எல்லாம் பார்த்துவிட்டுச் சட்டமன்றத்துக்குப் போனவர். அவர் கணவரும் போராட்டக்காரர்தான், மனைவியோடு சேர்ந்து களத்தில் நின்றவர். பெயரும் பதவியும் அஞ்சலையம்மாளுடையதாகவே இருந்தன. அப்படி நின்றதால் அந்தக் கணவருக்கு மரியாதை குறைந்ததாக யாரும் சொல்லவில்லை. வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு தென்னார்க்காட்டுக் குடும்பத்துக்கு முடிந்தது, உங்களுக்கு ஏன் முடியாது?

நீங்கள் விலகினால் முதல் மாதம் தடுமாறும், அதையும் சொல்லிவிடுகிறேன். அவர் ஏதாவது ஒரு பில்லை நிறுத்திவைப்பார், ஒப்பந்தக்காரர் உங்களிடம் புலம்புவார். கூட்டத்தில் அவர் குரல் நடுங்கும், யாராவது ஒரு வாய்த்துடுக்குக்காரன் சிரிப்பான். "வீட்ல இருக்கறவன் பேச்சக் கேக்க வேண்டியதுதானே" என்று துணைத் தலைவர் முணுமுணுப்பார். "பொண்டாட்டிக்குப் பயந்தவன்" என்று டீக்கடையில் உங்களுக்குப் பட்டம் கிடைக்கும். இரண்டாவது மாதம் அவர் நோட்டைப் படித்துவிட்டுக் கையெழுத்துப் போடுவார். மூன்றாவது மாதம் கிளார்க்கு பக்கத்தை மூடிக் காட்டமாட்டார். அந்தப் பட்டத்தைக் கொஞ்ச நாள் நீங்கள் தாங்கிக்கொள்ள வேண்டும். இத்தனை காலமாக 'பேருக்குத் தலைவர்' என்ற பட்டத்தை அவர் தாங்கவில்லையா?

2021 அக்டோபர் 20-ல் பதவியேற்றவர்களின் ஐந்தாண்டு 2026 அக்டோபரோடு முடிகிறது. அடுத்து யார் தலைவர் என்பதை ஊர் முடிவு செய்யும். ஆனால் இடம் பெண்ணுக்கு என்று அறிவித்தவுடன் நீங்கள் என்ன செய்வீர்கள் என்பது எனக்குத் தெரியும். உங்கள் படத்தைப் பெரிதாகவும் அவர் படத்தைச் சின்னதாகவும் போட்டு, 'இன்னாரின் துணைவியார்' என்று சுவரொட்டி அடிப்பீர்கள். இந்த வழக்கம் அங்கிருந்தே தொடங்குவதால் அங்கிருந்தே மாற்ற வேண்டும்.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இவைதான். அடுத்த கிராம சபையில் மேசைக்குப் பின்னால் அவர் உட்காரட்டும். நீங்கள் ஊர்க்காரராக எதிரே உட்கார்ந்து, கேள்வி இருந்தால் கையைத் தூக்கிக் கேளுங்கள். ஊராட்சி முத்திரை, காசோலைப் புத்தகம், டிஜிட்டல் கையொப்பச் சாவி எல்லாவற்றையும் அவரிடம் கொடுத்துவிடுங்கள். ஒன்றிய அலுவலகத்தில் பதிந்திருக்கும் உங்கள் செல்போன் எண்ணை எடுத்துவிட்டு அவருடைய எண்ணைக் கொடுங்கள். சொந்த எண் இல்லை என்றால் முதலில் ஒரு போன் வாங்கிக்கொடுங்கள். தீர்மான நோட்டை முழுக்கப் படிக்காமல் கையெழுத்துப் போடாதே என்று நீங்களே சொல்லுங்கள். உங்கள் வாயால் வந்தால் கிளார்க்கும் கேட்பார். கூட்டத்துக்கு அவர் கிளம்பும் நாளில் மாட்டையும் அடுப்பையும் பிள்ளைகளையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள். மாதக் கூட்டத்துக்கு அவரை வண்டியில் கொண்டுபோய் விட்டால், வாசலோடு நின்றுவிடுங்கள். அடுத்த தேர்தலுக்குச் சுவரொட்டி அடிக்கும்போது அவர் பெயருக்கு முன்னால் உங்கள் பெயரைப் போடாதீர்கள்.

இவற்றில் எதற்கும் அரசாணை வேண்டாம், நிதி ஒதுக்கீடு வேண்டாம். நீங்கள் மனது வைத்தால் வருகிற கூட்டத்துக்குள் முடித்துவிடலாம். மனது வைக்காதவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன்: குழுக்களில் கணக்கு எழுதிப் பழகிய பெண்கள் இப்போது ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். இனி கிராம சபையில் நடு நாற்காலியில் ஆண் உட்கார்ந்திருந்தால், "தலைவர் வரட்டும், பிறகு கூட்டம் நடத்தலாம்" என்று எழுந்து சொல்லுங்கள் என்று அவர்களிடம் சொல்லிவைத்திருக்கிறேன். அவர்கள் சொல்லும்வரை காத்திருக்காமல் நீங்களே எழுந்து இடம் விட்டால் அது உங்களுக்கும் மரியாதை, உங்கள் வீட்டுக்கும் மரியாதை.

அன்புடன்,
திண்டிவனம் பக்கத்திலிருந்து உங்கள் சகோதரி